முயல் அறையில் என் தங்கச்சி

என் தங்கச்சிக்கு முயல் வளர்க்கிற வேலை. மருந்து ஆராய்ச்சி செய்கிற ஒரு கட்டடத்தில், ஜன்னலே இல்லாத அறை. அதற்கு இரண்டு கதவு. முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது திறக்கும். நடுவில் நிற்கும்போது மூச்சு முட்டும் என்பாள்.

மாதம் நிறையாமல் பிறக்கிற குழந்தைகளுக்கு அங்கே மருந்து செய்து பார்க்கிறார்கள். நான் டயர் கடைக்காரன், எனக்குப் புரிகிற மாதிரி அவள்தான் சொன்னாள். ட்யூப் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாம் பவுடர் தூவுகிறோமே, அதுபோல நுரையீரலுக்குள்ளும் ஒரு வழவழப்பு ஊற வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றுப் போகாது. இப்போது கிடைப்பது மாட்டு நுரையீரலிலிருந்து எடுக்கிற மருந்து. எல்லாருக்கும் போதவில்லை. அதனால் செயற்கையாகச் செய்யப் பார்க்கிறார்கள்.

செய்ததைக் குறைமாத முயல்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். தாய் முயலுக்குத் தீனி போட்டுத் தடவி வளர்ப்பவள் இவள். வயிற்றைத் திறக்கிற மேஜைக்குத் தூக்கிப் போகிறவளும் இவளே. நுரையீரலை அறுத்துப் பார்ப்பதால், மூச்சு விட்ட குட்டிகூட சாயங்காலம் மிஞ்சாது. அவள் எதற்கும் பெயர் வைக்க மாட்டாள். நாங்கள்தான் அவளுக்கே முயல் என்று பெயர் வைத்து ஓட்டுவோம்.

என் பேத்தியும் குறைமாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று தங்கச்சி பார்க்க வந்தாள். கையில் வாங்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா நடுவே குழி விழுகிறதா என்று நெஞ்சையே பார்த்தாள். விழவில்லை. சிரித்தாள்.

"வேலைய விட்டுடறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன் அண்ணே. இந்த மாசத்தோட சரி."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் மருந்துதான் பேத்தியைக் காப்பாற்றியது என்று பெருமை அடித்தேன்.

"அது மாட்டு மருந்து. எங்களோடது இன்னும் தேறல."

"எதுவா இருந்தா என்ன? ஆஸ்பத்திரில ஒரே ஒரு குப்பிதான் இருந்துச்சாம். நம்ம குட்டிக்குக் கெடச்சுது பாரு!"

"பக்கத்துல வேற கொழந்த இருந்துச்சா?"

நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"சொல்லுண்ணே."

சொன்னேன். இன்னொரு குப்பி வெளியிலிருந்து வருவதற்குள் அந்தக் குழந்தை போய்விட்டது.

அப்புறம்தான் பேத்தியைக் கேட்டு வாங்கினாள். திரும்பத் தர ரொம்ப நேரம் ஆயிற்று.

மாதம் முடிந்தும் என் கடை வழியாக வேலைக்குத்தான் போனாள். எதுவரைக்கும் என்று கேட்டேன்.

"மருந்து தேறுற வரைக்கும். நீ வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

இன்றைக்குப் பேத்தி எடை கூடியிருக்கிறாள். தங்கச்சியிடம் சொல்ல வேண்டும், சாயங்காலம் அவள் வெளியே வந்ததும்.