அருவிக்குள் பின்பக்கமாகப் போனோம்

அந்த வேனில் இருந்தது மொத்தம் எட்டுப் பேர். எங்கள் நடவு செட்டின் மேஸ்திரியக்கா, அவருடைய மருமகள், என் ஓரகத்தி, ஒருத்தியை விட்டு ஒருத்தி கடைக்குக்கூடப் போகாத அக்கா தங்கச்சி இரண்டு பேர், ஜெபம் பண்ணாமல் வண்டி ஏறாத சர்ச் தெரு அக்கா, டிரைவர் தம்பி, நான். உத்திரமேரூரிலிருந்து குற்றாலம் வரைக்கும் வண்டி நின்ற இடத்திலெல்லாம் எண்ணிக்கொண்டே வந்ததால் இதில் தப்பு வராது.

எனக்கு அப்படித்தான். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றுவிட்டது, பயம் மட்டும் மேலே மேலே படித்துக்கொண்டே போனது. வண்டி நம்பரை ஒரு சீட்டில் எழுதி சுருக்குப் பையில் வைத்திருந்தேன். டிரைவர் தம்பிக்குத் தூக்கம் வருகிறதா என்று விழுப்புரத்தில் கேட்டேன், திருச்சியில் கேட்டேன். மதுரையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "முழிச்சிக்கினுதான் கீறேன்க்கா, நீ தூங்கு" என்றார்.

போன வருஷம் ஒகேனக்கல் போனபோது, ஆறு பேரின் செருப்பையும் பார்த்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டு, தலை நனையாமல் வீடு திரும்பினவள் நான். இந்த முறை கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "செருப்ப பத்திரமா பாத்துக்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மெயின் அருவியில் தலையைக் கொடுக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு பண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

அருவிக்கு எதிரில் நின்றதும் அந்த முடிவு கரைந்துவிட்டது. சத்தமே பாதி ஆளைத் தள்ளியது. பெண்கள் பக்கம் கம்பி வரைக்கும் கூட்டம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேஸ்திரியக்கா முகத்தை நீட்டிக்கொண்டு போனார். தண்ணீர் கண்ணில் அடித்து, மூச்சு முட்டித் திரும்பி வந்தார். இரண்டாவது தடவை மருமகளையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் வழுக்கி, சறுக்கிக்கொண்டே வந்து என் காலருகில் உட்கார்ந்தார்கள்.

"இன்னாக்கா, இம்மாந்தூரம் வந்து சாரல்லயே திரும்பிப் போறதா?" என்றாள் ஓரகத்தி.

பயந்தவள் எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பாள். அப்படிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தபடியே போகிறார்கள். முகத்தில் அடித்ததும் கால் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடுகிறது. நாங்களோ சேற்றில் பின்னால் நடந்தே பிழைக்கிறவர்கள். குனிந்த முதுகு நிமிராமல், கால்விரலால் தரையைத் தடவிப் பார்த்து, வரிசை கலையாமல் ஒரு கழனியையே பின்பக்கமாகக் கடக்கிறவர்கள்.

"நடவு நடற மாதிரி போலாம்க்கா" என்றேன்.

மேஸ்திரியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செருப்பு காக்கறவ ரோசன சொல்றா பாரு" என்றார். ஆனால் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினார். "சரி, வரிசை கட்டுங்கடி. சொன்னவதான் மொத ஆளு."

முதல் ஆள் என்றால் வரிசையின் ஓரத்தில் நின்று எல்லோருக்கும் வேகத்தைக் காட்டிக் கொடுக்கிறவள். கழனியில் ஒருநாளும் எனக்கு அந்த இடம் கிடைத்ததில்லை.

ஏழு பேரும் இடுப்போடு இடுப்பு ஒட்டிக் குனிந்தோம். நான் ஒரு காலைப் பின்னால் வைத்தேன், ஏழு கால் பின்னால் போனது. பாறையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தை விரல் கண்டுபிடித்தது, தள்ளி வைத்தேன். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, "என்னம்மா, பின்னால பின்னால வாறிய?" என்று விலகினாள்.

"நாத்து நட வந்தோம். கொஞ்சம் தள்ளு தாயி" என்றார் மேஸ்திரியக்கா. சும்மா சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் அவர் வலது கை ஓடுகிற தண்ணீரில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தது. விசில் ஊத வந்த பெண் போலீஸ், விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். சர்ச் தெரு அக்காவின் ஜெபம் எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது.

முதலில் இடுப்பில் விழுந்தது. பிறகு முதுகில், நாற்றுக்கட்டுகளை யாரோ மேலிருந்து போட்டுக்கொண்டே இருப்பது போல. இன்னும் இரண்டு அடி. பாறைச் சுவர் குதிகாலில் தட்டியதும் நிமிர்ந்தேன். மொத்தமும் உச்சந்தலையில் இறங்கியது. காதுக்குள் வேறு எதுவும் இல்லை. கேஸை மூடினேனா, வண்டியில் பிரேக் பிடிக்குமா, ஏழு பேரும் இருக்கிறார்களா, ஒன்றும் ஓடவில்லை. வாயைத் திறந்து கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேஸ்திரியக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "வா வெளிய, செத்துகித்துப் போயிடப் போற" என்றார். என்னைப் பார்த்து இன்னொருவர் பயந்தது அன்றைக்குத்தான்.

பதினோரு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று பேச்சு. டிரைவர் தம்பி வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"இன்னொரு தபா போய்ட்டு வரேன்" என்றேன்.

"டைம் தாண்டினா மணிக்கு ஐந்நூறு வெயிட்டிங்க்கா. அப்புறம் பேஜார் பண்ணக்கூடாது."

"போட்டுக்கோ தம்பி."

இரண்டு மணி நேரம் ஆனது. நான்கு தடவை போனேன், கடைசித் தடவை தனியாக. மேஸ்திரியக்கா எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் விடவில்லை. என் குளியல், என் காசு என்றேன். ஊர் வந்ததும் கையில் இருந்த அறுநூறைக் கொடுத்தேன். யாரிடமும் ஐந்து ரூபாய்கூடக் கடன் வாங்காதவள் நான். டிரைவர் தம்பி எதிரில் வந்தால் இப்போது நானே நிறுத்தி, சம்பா நடவுக் கூலி வரட்டும் என்று சொல்கிறேன். பாக்கி இன்னும் நானூறு ரூபாய்.