குருநகருக்குக் கோல்கீப்பர் கேட்டுப் போனேன்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டரைக்கு மானிப்பாயில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். எட்டுக் கிலோமீற்றர், அறுபது ரூபாய். போன காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. லீக் தொடங்கப்போகிறது, கோலுக்குள் நிற்க ஆளில்லை. ஆள் கிடைக்காவிட்டால் இம்முறை லீக்கில் எங்கள் பெயரே இராது. செயலாளர் என்ற முறையில் எனக்கு இது மானப் பிரச்சினை.

நல்ல கோல்கீப்பர் ஒருவன் எங்களிடம் இருந்தான், தயாபரன். குருநகரில் பெண் எடுத்தான். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போவான். போனவன் அடுத்த மாதமே அங்குள்ள கழகத்தின் கோலுக்குள் நின்றான். நாங்கள் பழக்கி எடுத்த ஆட்டக்காரனை ஒரு கலியாணச் சாப்பாட்டோடு வளைத்துப் போட்டுவிட்டார்கள். அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோ பிடித்தேன், முந்நூறு ரூபாய்.

"ஆரைப் பாக்கப் போறியள் ஐயா?" என்றார் சாரதி.

"தயாபரன் எண்டு ஒராள்."

"எங்கடை தயாவோ! இப்ப மைதானத்திலை நிப்பார். கொண்டுபோய் விடுறன்."

எங்கடை தயாவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றேகாலுக்கு மைதானத்தில் இறங்கினேன். கடற்காற்று, மீன் வாடை, காலையில் தேவாலயப் பூசைக்கு உடுத்த சட்டையோடு வேடிக்கை பார்க்கும் ஊர்ச்சனம். கோலில் கட்டியிருந்த வலையைத் தொட்டுப் பார்த்தேன். படகுக்காரர்கள் தங்கள் கையாலேயே பின்னிய வலை, ஒரு கண்கூட அறவில்லை. எங்கள் கோலுக்கு வலையே கிடையாது. பந்து பின்காணிப் பற்றைக்குள் போய்விடும், தேடி எடுப்பதற்குள் ஆட்டத்தின் சூடு ஆறிவிடும்.

தயாபரனின் மாமனார் யேசுரத்தினம் என்னைக் கழக அறைக்குள் கூட்டிப்போனார். சுவர் முழுக்கக் கிண்ணங்களும் பழைய படங்களும்.

"சண்டைக்கை இடம்பெயரேக்கை இதுகளை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"மீன்பெட்டியிலை போட்டுப் படகிலை ஏத்தினம். மனிசி சட்டிபானையை விட்டிட்டு வந்தவ, இண்டைக்கும் அதுக்குப் பேசுவா."

நாங்கள் கிண்ணங்களை வைத்துப் பூட்டிவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது திறப்பு பத்திரமாக என் சட்டைப்பையில் இருந்தது, கதவுதான் இல்லை.

யேசுரத்தினம் கடைசியாக எடுத்த அணிப் படத்தைக் காட்டினார். "உதிலை நாலு பேர் ஊருக்கு வந்த மருமக்கள். எங்கடை ஆக்கள் மாப்பிள்ளை பாக்கேக்கை காலையும் பாக்கிறது தம்பி!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பயிற்சி முடிந்து தயாபரன் வியர்வையோடு ஓடிவந்தான். "அண்ணை! எப்ப வந்தனீங்கள்?" கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனான், மாமனாரும் கூடவே வந்தார். மனைவி ஜெசிந்தா பிளேன்ரீ தந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மகளுக்குச் சீதனமாக் கட்டின மாடிவீடு சும்மா கிடக்கு. அவள் கனடாவுக்குக் கலியாணம் கட்டிப் போயிட்டாள். நீங்கள் குடும்பமா வந்திருங்கோ, வாடகை வேண்டாம். தயா எங்களுக்கு விளையாடட்டும்."

தயாபரன் மாமனாரைப் பார்த்தான்.

"போறதெண்டாப் போங்கோ. பிறந்த ஊர்க் கழகமெல்லே, நாங்கள் மறிக்க மாட்டம்" என்றார் யேசுரத்தினம்.

எனக்கு இன்னும் எரிந்தது. மனிதர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கக்கூடாதா?

ஜெசிந்தா மட்டும் யோசித்தாள். "உங்கடை வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலை ஆர் அண்ணை?"

"அவையும் கனடாவிலை."

"மற்றப் பக்கம்?"

"லண்டன்."

"முன்வீடு?"

"பிரான்ஸ். கோயில் திருவிழாவுக்கு வருவினம்."

"அப்ப என்ரை பிள்ளை ஆரோடை பந்தடிப்பான்?"

குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "குறை நினைக்காதேங்கோ அண்ணை" என்றான் தயாபரன். லீக்குக்கு என்ன எழுதி அனுப்புவது என்று அப்போதே மனதுக்குள் வசனம் தேடத் தொடங்கிவிட்டேன்.

ஐந்தரைக்கு விடைபெற்று ஒழுங்கை வழியே நடந்தேன். சிறுவர்கள் உதைத்த பந்து ஒரு வீட்டுக் கதவில் படாரென்று பட்டது. உள்ளேயிருந்து அகப்பையோடு ஒரு பெண் பாய்ந்து வந்தாள். "இன்னொருக்காப் பட்டால் பந்தை அடுப்பிலை வைப்பன், பாருங்கோ!" என்று கத்தினாள். சிறுவர்கள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

கிண்ணங்களைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பொறாமை வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் எந்தக் கதவில் பந்து பட்டாலும் ஏச ஆளில்லை.