தார் நெடி

நான் ஏறியிருந்த நெதர்லாந்து ரயிலை நிறுத்தப்போவதாகப் பேச்சு. அடுத்த வருடமும் ஓடுமா என்று டிக்கெட் பார்க்க வந்தவரிடம் கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றார்.

எல்லைக்கு முந்திய ஸ்டேஷனில் ரயில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கழற்றிய பழைய சிலிப்பர் கட்டைகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வெயிலில் அவற்றின் தார் நெடி திறந்த கதவு வழியே ஏறி வந்தது. ஊரில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய எங்கள் வீட்டுப் பங்கரின் மணம் அது.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றபோது நான் சின்னப் பெடியன். ஊர்ச்சனம் கொஞ்சக் காலம் பார்த்தது. பிறகு கட்டைகளைக் கிளப்பிக்கொண்டுபோய்ப் பங்கருக்குக் கூரை போட்டது. கொழும்பில் வேலை பார்த்து, ரயில் நின்றதால் ஊரோடு தங்கிவிட்ட அப்பா மட்டும் அவற்றைத் தொடவில்லை. "எல்லாத்தையும் கிளப்பினால் ரயில் எதுக்கு மேலால வாறது?" என்பார். அவருடைய பயணப் பெட்டி அடுக்கியபடியே கதவோரம் இருந்தது.

ஒருநாள் பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது. மறுநாள் காலை அப்பா சைக்கிளில் ஒரு கட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா பயணப் பெட்டியைத் திறந்து, அவருடைய சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார்.

ரயில் மறுபடி நகரும்போது அக்கா போன் எடுத்தா. எல்லைக்கு அந்தப் பக்கம் அவ தனியாக இருக்கிறா.

"தம்பி, வாற பொங்கலுக்கும் வருவாய்தானே?"

"ஓம் அக்கா, வாறன்."

சொல்லிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாற்றிப் போடப் புதுக் கட்டைகள் எங்கேயாவது இறக்கியிருக்கிறார்களா என்று தேடினேன். எல்லை வரும்வரை ஒன்றும் கண்ணில் படவில்லை.