கெஞ்சாத மனு

காஜா பெராங் தெருவில், ஒரு கடைவாசலில் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்து ஒருவர் மனு எழுதித் தருவார். வழுக்கைத் தலை, காதில் பென்சில். எந்த ஆங்கிலச் சொல்லையும் உடனே தட்டமாட்டார். அதே பொருளில் நாலைந்தைச் சொல்லிப் பார்ப்பார்.

வெள்ளைக்காரனிடமிருந்து மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த புதிது. ஆஸ்பத்திரித் தோட்டக்காரன் வேலைக்கு மனு எழுதப் போனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு எல்லாமே பயம்.

“‘பெக்’னு போடுங்கண்ணே. கெஞ்சினாத்தான் கொடுப்பாங்க.”

“பெக், பிளீட், ரிக்வெஸ்ட், ஆஸ்க், அப்ளை…” ஒவ்வொரு விரலாக எண்ணிக் கட்டைவிரலில் நின்றார். “கொடியே மாறிருச்சி, இன்னும் என்னா தம்பி கெஞ்சல்? ‘அப்ளை’ போதும்லா.”

“ஆஸ்பத்திரி வெள்ளைக்காரத் துரை கோவிச்சுக்கிட்டா?”

“அவரே ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட்டுக்கு அப்ளை பண்ணிட்டிருக்காரு!”

வேலை கிடைக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. கிடைத்ததும் சொல்ல ஓடினேன். அவர் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டிச் சிரித்தார்.

இன்றும் எந்த அலுவலகப் படி ஏறினாலும் என் கட்டைவிரல் தானாக நிமிர்ந்துகொள்கிறது.