மதாமுக்கு என்ன குறை?

யார் பட்ட அவமானத்தைக் கேட்டாலும் துஷாந்தி முதலில் அவர்களுடைய வருமானத்தைத்தான் விசாரிப்பார். "மாசம் எவ்வளவு எடுக்கினமாம்?" தொகை பெரிதென்றால் இரக்கம் அதோடு சரி.

சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் நகரில், எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறார். நிரம்பி வழியும் பஸ்ஸிலும் அவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும். "நல்லதுதானே, பையை வைக்கலாம்" என்பார்.

அவர் வீட்டுவேலை செய்வது மதாம் எக்காம்பியிடம். மதாம் கமரூனில் பிறந்த கறுப்பினப் பெண். கடிகார முகப்புகள் செய்யும் நிறுவனமொன்றின் முதலாளி. சென்ற வசந்தத்தில் மதாம் வானொலியில் பேசினார். நகைக்கடைக்காரர் தன் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னதையும், சொந்த நிறுவனத்தின் வாசலிலேயே ஒருவர் தன்னைத் துப்புரவுக்கு வந்தவரா என்று கேட்டதையும் சொன்னார். அன்று மாலையே இணையத்தில் ஏசத் தொடங்கிவிட்டார்கள். பணக்காரிக்கு அழுகை வேறா என்றார்கள். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போகலாமே என்றார்கள். எங்கள் தமிழ் ஆட்களும் பின்நிற்கவில்லை. ஆபிரிக்கர்களுக்கென்று எங்கள் வீடுகளில் வைத்திருக்கும் சொல்லைச் சொல்லியே சிரித்தார்கள்.

துஷாந்தி நேரே கேட்டாராம். "உங்களுக்கு என்ன குறை மதாம்? எங்களை மாதிரி ஆக்கள் கதைச்சால் சரி."

"நீங்கள் பேசினால் யார் கேட்கிறார்கள்? அதனால்தான் நான் பேசினேன்" என்றாராம் மதாம்.

"எனக்காகக் கதையுங்கோ எண்டு நான் கேட்டனானோ?" என்று துஷாந்தி என்னிடம் வந்து கோபப்பட்டார்.

மார்கழியில் மதாம் தன் மகளின் திருமணத்துக்குத் துணி எடுக்க, துஷாந்தியையும் பக்கத்து நகரமான நொஷாத்தெலுக்குக் கூட்டிப்போனார். மதாம் கொடுத்த நல்ல கம்பளி மேலங்கி துஷாந்தியின் மேல். மதாமோ தன் பழைய மழைச்சட்டையில், கையில் பைகளோடு. விற்பனைப் பெண் நேரே துஷாந்தியிடம் வந்து, "போன்ஷூர், மதாம்" என்று வணக்கம் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டாள். பிறகு மதாமிடம் திரும்பி, பைகளோடு வாசலோரம் நிற்கும்படி சொன்னாள்.

"மதாம் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் துஷாந்தி, என் சமையலறையில் நின்றபடி. "ரேடியோவில அவ்வளவு கதைச்ச மனுசி. என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ. அவள் எனக்குத்தான் துணியெல்லாம் விரிச்சுக் காட்டினவள். கொஞ்சத்தால மதாம் வெளியில போயிட்டா."

மதாம் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை.

"இவதான் முதலாளி எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்தான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலயிருந்து ஒருத்தரும் எனக்குக் கதிரை இழுத்துப் போடேல்லை."

பிறகு என் சமையலறைக் கதிரையொன்றில் முதுகை நிமிர்த்தி, ஒரு கையை மடியிலும் மறு கையைக் கைப்பிடியிலும் வைத்து, கடையில் எப்படி இருந்தார் என்று எனக்கு இருந்து காட்டினார்.