ரெண்டு றெக்கையிலயும் பொட்டு

படிக்காதவன் செஞ்சா பறக்காதுன்னு எந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. நாந்தான் பொஸ்தகமே படிச்சதில்லையே. மூணாவது வரைக்கும் போனேன். அதுலயும் ரெண்டாவத ரெண்டு தடவ படிச்சேன், அவ்வளவு புடிச்சுப் போச்சு. தமிழ எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பேசற மாதிரியே எழுதுவேன். இங்கிலீஷப் பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், கையில தொடச்சு உட்டுரலாம்னு தோணும்.

எங்க மலையில, வாழவந்தி நாட்டுல, ஃபேனு, மிக்சி, தண்ணி மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னா காயில் கட்டிக் குடுக்கறது எம் பொழப்பு. எந்நேரமும் அடுத்தவன் எரிச்சதையே பாத்துட்டு இருந்தவனுக்கு, நாமளே ஒண்ண மொதல்ல இருந்து பூட்டிப் பாக்கோணும்னு ஒரு ஆச. ஒரு நாள் போன்ல ஒரு வீடியோ. ஒருத்தன் ரிமோட்ட வெச்சு ஒரு ஹெலிகாப்டர தலகீழா பறக்க உடறான். முழங்கை நீளந்தான் இருக்கும், ஆனா நெஜ ஹெலிகாப்டர் மாதிரியே எல்லாம் இருக்குது. அவன் மொகத்த நல்லாப் பாத்தேன். என்னவிட அறிவாளி மாதிரி ஒண்ணும் தெரியல. சரி, ஒரு செட்டு வரச் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டேன். முழுசா வராது, தனித்தனி சாமானா வரும், நாமதான் பூட்டோணும்.

கொரியர்காரன் போன் பண்ணி, மலைக்கெல்லாம் வர முடியாது, சேந்தமங்கலம் வந்து வாங்கிக்கங்கன்னான். ஓட்டு கேக்க ஜீப்பு வருது, பலாப்பழம் ஏத்த லாரி வருது, என்ர பொட்டி மட்டும் வராதா? கேட்டேன். போன வெச்சுட்டான். எழுவது வளைவும் எறங்கிப் போயி வாங்கிட்டு, மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல ஒக்காந்தேன். கண்டக்டரு டிக்கெட்டு குடுத்துக்கிட்டே கேட்டாரு, "பொட்டில என்ன?"

"ஹெலிகாப்டருங்க."

"அப்பறம் நீ ஏன் பஸ்ஸுல வாரே?"

பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எங்க ஸ்டாப்பு சோளக்காட்டுல எறங்கற வரைக்கும் சிரிக்கற மாதிரியே மொகத்த வெச்சிருந்தேன், தாடை வலி எடுத்துருச்சு.

சிரிப்புல எல்லாம் எனக்குக் கோவம் வராது. கோவம் வந்தது ஊட்டுக்கு வந்தப்பறம். எங்க ஊட்டு முன் ரூம்ல ஒரு சாரு வாடகைக்கு இருந்தாரு. தஞ்சாவூர் பக்கத்துக்காரரு, கவர்மெண்டு ஆபீசு, ரெண்டு டிகிரி. நல்ல மனுசன், அத மறைக்க மாட்டேன். ஆனா அவருக்கு ஒரு வியாதி. எதப் பாத்தாலும் மொதல்ல அதுல எழுதியிருக்கறதப் படிப்பாரு. உப்பு பாக்கெட்டக் குடுத்தாக்கூட பின்னாடி திருப்பிப் படிச்சுட்டுத்தான் பிரிப்பாரு.

பொட்டியத் தொறந்ததும் சாரு சாமானத் தொடல, பொஸ்தகத்த எடுத்தாரு. பொரட்டிப் பாத்துட்டு, "அண்ணே, முழுக்க இங்கிலீஷு. டெய்லி சாயங்காலம் நான் படிச்சு சொல்றேன், நீங்க பூட்டுங்க" அப்படின்னாரு.

"படம் போட்டிருக்குதுங்களே சார்."

"படத்தப் பாத்துப் பூட்டறதுக்கு இது என்ன பம்புசெட்டா? இதெல்லாம் படிக்காம பறக்காதுண்ணே."

சொல்லிட்டு சிரிச்சாரு. எம் பொண்டாட்டி காபி டம்ளரோட நின்னுட்டு இருந்தா. அவ முன்னாடி சொன்னாரு பாருங்க, அதான். நானே என்னைய ஆயிரம் தடவ தற்குறின்னு சொல்லிக்குவேன். அது என்ர சொந்த சொத்து, நான் எடுத்துப் பொழங்குவேன். அடுத்தவன் எப்படி எடுக்கலாம்? பொஸ்தகத்த அவரு கையில இருந்து மெதுவா வாங்கிக்கிட்டேன்.

"சார், உங்களுக்கு மாத்தல் ஆர்டரு வந்திருச்சுல்ல?"

"ஆமாண்ணே, ஆயுத பூஜை லீவு முடிஞ்சதும் கெளம்பறேன்."

"நீங்க பஸ்ஸு ஏறறதுக்குள்ள இது பறக்கும். நீங்க நின்னு பாத்துட்டுத்தான் போறீங்க."

வாய் உட்டாச்சு. இருபது நாளுதான் இருந்துச்சு. அது பறக்கலைன்னா, சாரு போற ஊருல எல்லாம் அந்தக் கதையக் கொண்டு போவாரு. அதாச்சும் பரவால்ல. எம் பொண்டாட்டி இங்கயேதான் இருப்பா.

பூட்ட ஆரம்பிச்சேன். சாமானெல்லாம் சின்னச் சின்ன கவர்ல போட்டு நம்பர் ஒட்டியிருந்துச்சு. நம்பரு எனக்குத் தெரியும்ங்க, அந்த அளவுக்குக் கேவலம் இல்ல. திருகாணி ஒவ்வொண்ணும் எறும்புத் தல அளவு. கீழ உழுந்தா போச்சு, அதனால வேட்டிய விரிச்சுப் போட்டு அது மேல ஒக்காந்து செஞ்சேன். நடுவுல பேரிங் வெச்ச ஒரு தட்டு வரும். அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் போகும். அத மூணு குட்டி மோட்டாரு புடிச்சுத் தள்ளும். வாலு நேரா நிக்கறதுக்குன்னு தனியா தீப்பெட்டி மாதிரி ஒரு சாமான். எங்க ஊட்டு ஆளுங்க ஒருத்தர ஒருத்தரு புரிஞ்சுக்கறதவிட அதுங்க நல்லாப் புரிஞ்சு வேல செய்யுதுங்க.

பொஸ்தகத்துல செல திருகாணி பக்கத்துல ஒரு சொட்டு வரைஞ்சிருந்துச்சு. மொதல்ல, இந்த எடத்துல உனக்கு வேர்க்கும்னு சொல்றான்போலன்னு நெனச்சேன். வேர்க்கவும் செஞ்சுது. அப்பறம் உத்துப் பாத்தேன். இரும்புக்குள்ள இரும்பு போற எடத்துலதான் சொட்டு இருக்குது, பிளாஸ்டிக்குக்குள்ள போற எடத்துல சொட்டே இல்ல. பொட்டில நீலக் கலர்ல ஒரு குட்டி டியூப்பு வேற சும்மா கெடந்துச்சு. சொட்டுன்னா அதுதான், அதிர்வுல திருகாணி கழண்டுக்காம இருக்க வெக்கற பசை. எனக்கு அப்ப வந்த சந்தோசத்துக்கு சாரோட கதவத் தட்டி, "சார், உங்க ரெண்டு டிகிரில இதுல எத்தன சொட்டு?"ன்னு கேக்கலாம்னு தோணுச்சு. அடக்கிக்கிட்டேன். அவரு தெனமும் சாயங்காலம் எட்டிப் பாத்து, "எந்தப் பக்கத்துலண்ணே இருக்கீங்க?"ன்னு கேப்பாரு. நான், "ரோட்டுக்குக் கெழக்குப் பக்கம் சார்"னு சொல்வேன்.

ஆயுத பூஜைக்கு மொத நாளே முடிஞ்சுது. றெக்க ரெண்டையும் பின்னாடி மடக்கி, ஒண்ணு மேல ஒண்ணா, வால ஒட்டி வெச்சிருந்தேன். பூஜை அன்னிக்கு எம் பொண்டாட்டி சந்தனம் கொழச்சு எடுத்துட்டு வந்தா. ஸ்பேனரு, சுத்தி, காயில் சுத்தற மிசினு, வண்டி, அருவா, மிக்சி, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சா. ஹெலிகாப்டர்கிட்ட வந்து தயங்குனா.

"ஏனுங்க, இதுக்கும் வெக்கட்டுமா?"

"இதுக்கு வெக்காம? மிக்சிக்கு வெச்சதவிடப் பெருசா வை கண்ணு."

பெருசாத்தான் வெச்சா. றெக்க மேல மூணு, ஒவ்வொண்ணும் காசு அளவு, மேல குங்குமம். மூஞ்சில ஒண்ணு. புது மாப்பிள்ள மாதிரி இருந்துச்சு. நான் போட்டோ எடுத்தேன்.

மறு நாள் விஜயதசமி. கெளம்பறதுக்கு நல்ல நாளு. கேழ்வரகு அடிக்கற களத்துக்குக் கொண்டு போனேன். கத்துக்கறவன் சாச்சுப்புடாம இருக்க, ஹெலிகாப்டர் காலுக்கு அடியில நீளமா நாலு குச்சி வெச்சு முனையில பந்து மாட்டோணும்னு வீடியோல பாத்திருந்தேன். மூங்கி பொளந்து, நாலு பிளாஸ்டிக் பந்து சொருகியிருந்தேன். அக்கம்பக்கத்துல நாலஞ்சு பேரு வந்து நின்னாங்க. சாரு வேட்டி சட்டையில வந்தாரு. "அண்ணே, இன்னிக்கு எழுத்து ஆரம்பிக்கற நாளு. ஒரு சிலேட்டு வாங்கிட்டு வரவா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இந்தத் தடவ நான் சிரிக்கல.

ரிமோட்டுல இருக்கற குச்சிய மெல்ல ஏத்துனேன். றெக்க சுத்துச்சு. சத்தம் ஏறுச்சு. ஏற ஏற, வாலு நடுங்க ஆரம்பிச்சுது. அப்பறம் ஒடம்பே நடுங்குச்சு. நாலு பந்து மேலயும் நின்னுக்கிட்டு, சாமி வந்த ஆளு மாதிரி களம் பூரா ஆடுது. மேல ஏறல. ஒரு பந்து கழண்டு உருண்டு ஓடிப் போச்சு. நான் பயந்து நிறுத்திட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "வேப்பல அடிச்சா எறங்கிரும்"னாரு.

சாரு என் தோள்ல கைய வெச்சாரு. அதுதான் தாங்கல. கிண்டல் பண்ணியிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். "உடுங்கண்ணே. அதுல எங்கயாச்சும் இங்கிலீஷுல எழுதியிருக்கும், நாம பாக்கல. நாளைக்குக் காலையிலதான் பஸ்ஸு. கொண்டு வாங்க, படிச்சுப் பாப்போம்"னாரு.

மத்தியானம் பூரா பிரிச்சேன். ஒவ்வொரு திருகாணியா கழட்டி, படத்தோட வெச்சுப் பாத்து, மறுபடி பசை தொட்டு முறுக்குனேன். ஒரு தப்பு இல்ல. ஒரு தப்பாச்சும் இருந்தாப் பரவால்லன்னு ஆயிருச்சு. தப்பே இல்லாம ஆடுதுன்னா, தப்பு நாந்தானே? இருபது நாள் வீராப்ப மடிச்சு வெச்சுட்டு, பொஸ்தகத்தக் கக்கத்துல சொருகிக்கிட்டு முன் ரூமுக்குக் கெளம்புனேன். கதவத் தட்டக் கையத் தூக்கிட்டேன்.

பின்னாடி இருந்து எம் பொண்டாட்டி கூப்ட்டா. "ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஃபேனு ஆடுதுன்னு ஆராச்சும் கொண்டாந்தா, றெக்கையத் தொடச்சியா, ஒரு றெக்கையில அழுக்குக் கனமா இருந்தா ஆடாம என்ன பண்ணும்னு எரிஞ்சு உழுவீங்கல்ல?"

"ஆமா."

"இதத் தொடச்சீங்களா?"

தூக்குன கை அப்படியே நின்னுச்சு. திரும்பி வந்து றெக்கையப் பாத்தேன். ஒரு றெக்கையில மூணு பொட்டு, அடை அடையாக் காஞ்சு ஒட்டியிருக்குது. இன்னொரு றெக்கையில ஒண்ணுமில்ல. மடக்கி வெச்சிருந்ததுல கீழ இருந்தது அவ கண்ணுக்குத் தெரியல. பெருசா வைன்னு சொன்னது ஆரு? இந்த மலையில இருக்கற ஃபேனுக்கெல்லாம் புத்தி சொன்ன மேதை நாந்தான். என்னைய ஊட்டுக் கூரையில மாட்டி சுத்த உட்டிருக்கோணும்.

ஈரத் துணிய எடுத்தேன். கையப் புடிச்சுக்கிட்டா.

"பூஜையில வெச்ச பொட்ட அழிக்காதீங்க."

"அழிக்காட்டி பறக்காது புள்ள."

"அழிச்சுட்டுப் பறந்து எங்கியாச்சும் உழுந்தா? அப்ப என்னையத்தான சொல்வீங்க."

படிச்ச சாருகூட வாதாடிப் பாக்கலாம், இவகூட முடியாது. துணியக் கீழ வெச்சுட்டு, பொட்டு இல்லாத றெக்கையப் பாத்தேன். அப்பறம் சொன்னேன், "போயி சந்தனம் கொழச்சு எடுத்துட்டு வா."

இன்னொரு றெக்கையிலயும் அதே எடத்துல மூணு பொட்டு வெச்சா. காய வெச்சோம். ரெண்டு றெக்கையவும் ஒரே போல்டுல நேர்கோடாப் பூட்டி, போல்டோட ரெண்டு முனையும் ரெண்டு டம்ளரு விளிம்புல நிக்கற மாதிரி, தராசாட்டம் வெச்சேன். புதுப் பொட்டு வெச்ச பக்கம் சாஞ்சுது. நகத்துல துளி சொரண்டுனேன். இன்னும் துளி. சாயாம நின்னுச்சு. அவ மூச்ச உட்டா. நானுந்தான்.

ஓடிப் போன பந்தையும் தேடி மாட்டிக்கிட்டு, காலையில பனி வெலகறதுக்கு மின்னாடியே களத்துக்குப் போயிட்டேன். சாரு பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்குதான்னு வாட்ச்சப் பாத்துக்கிட்டே வந்தாரு. குச்சிய ஏத்துனேன். சத்தம் ஏறுச்சு. நடுங்கல. பந்து நாலும் தரையில இருந்து கெளம்புச்சு. முட்டி ஒசரம். இடுப்பு ஒசரம். அங்கயே நின்னுச்சுங்க. லேசா ஆடி ஆடி, ஆனா நின்னுச்சு. றெக்க சுத்தறதுல பொட்டெல்லாம் சேந்து மூணு செவப்பு வளையமாத் தெரிஞ்சுது. பால் பொங்கற நேரம் அப்படியே இருந்துச்சு.

அப்பறம் சாரு மனசாரச் சொன்னாரு. "அண்ணே, சத்தியமா சொல்றேன். நீங்க மட்டும் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பீங்க."

பாராட்டுதான். எனக்குத் தெரியும். ஆனா கண்ணு முன்னாடி ஒண்ணு பறந்துக்கிட்டு இருக்குது, நான் பூட்டுனது. அதப் பாத்துக்கிட்டே, நான் போகாத எடத்தப் பத்திப் பேசறாரு. எங்க போயிருப்பேன்? நான் நிக்கற எடத்துக்கு என்ன கொற? அதக் கேக்கறதுக்குத்தான் திரும்புனேன். கண்ணு திரும்புன பக்கமே குச்சி மேல இருந்த கட்டவிரலும் திரும்பிருச்சு.

களத்தோரம் சில்வர் ஓக் மரம், மொளகுக் கொடி ஏறுனது. நேரா அதுல போயி சொருகிக்கிச்சு. ரெண்டாள் ஒசரத்துல, கொடிக்கு நடுவுல, வாலு மட்டும் வெளிய.

"அச்சச்சோ" அப்படின்னாரு சாரு. ரோட்டுல பஸ்ஸு ஆரன் அடிச்சுது. "வாரேண்ணே, போன் பண்றேன்"னு ஓடிட்டாரு.

மொளகு பறிக்கற மூங்கி ஏணியச் சாச்சு ஏறுனேன். ஒரு றெக்க ஒடிஞ்சிருந்துச்சு, வால் கம்பி வளஞ்சிருந்துச்சு. மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு, ஒரு திருகாணி கழண்டுக்கல. மேல இருந்து பாத்தா பஸ்ஸு வளைவுல திரும்பறது தெரிஞ்சுது. அப்பத்தான் எனக்குப் பதிலே கெடச்சுது. எப்பவும் இப்படித்தான், ஆளு போனப்பறந்தான் வாய் தொறக்கும். ஏணியில நின்னுக்கிட்டே கத்துனேன்.

"சார், படிச்சிருந்தா எங்க போயிருப்பேன்னு தெரியுமுங்க. எங்க ஊட்டு முன் ரூமுக்கு வாடகைக்கு வந்திருப்பேன்."

பஸ்ஸுக்குக் கேக்கல. கீழ ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னவளுக்குக் கேட்டுச்சு. அவ சிரிச்ச சிரிப்புல ஏணி ஆடுச்சு. "எறங்குங்க மொதல்ல, உழுந்துறப் போறீங்க"ன்னா.

ஒடிஞ்ச றெக்கையக் கீழ நீட்டுனேன். வாங்கி, அதுல இருந்த பொட்டத் தடவிப் பாத்தா.

"புதுசு வந்தா ரெண்டுக்கும் சேத்தே வெச்சுரலாங்க"ன்னா.