மைக்கைத் திறந்தேன்

இன்று புதன்கிழமை, எனக்கு எழுபத்து நான்கு வயது இரண்டு மாதம்.

மதியம், கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டில் இந்தச் சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் எங்கள் அணியின் டயமண்ட் தரம் போய்விடும். அணியில் எஞ்சியவர்கள் இருவர்: நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் செந்திலும் நானும். எதிரணியில் ஒருவன்.

நான் மைக்கைத் திறந்ததே இல்லை; பொத்தானை அழுத்தினால் போகும் ஆயத்தச் செய்திகளே போதும். செந்திலுக்கு நான் 'அண்ணன்'.

"அண்ணா, நாக் ஆயிட்டேனுங்க! ரிவைவ் குடுங்க சாமி!" என்று அலறினான்.

நாக் என்றால் சாகவில்லை, அடிபட்டுத் தவழ்கிறான் என்று பொருள்; ரிவைவ் என்றால் நான் போய் அவனை எழுப்பிவிட வேண்டும். ஆனால் அவன் தவழ்ந்து சென்ற சுவருக்குப் பின்னால்தான் எதிரி பதுங்கியிருந்தான். அதைச் சொல்ல எந்தப் பொத்தானும் இல்லை.

மைக்கைத் திறந்தேன். "செவுத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறான்டா. அங்கயே கெட, நான் வாரேன்!"

செந்தில் தவழ்வதை நிறுத்தினான்.

"ஏனுங்கண்ணா, ஃபோனை ஆத்தாகிட்டக் குடுத்துட்டீங்களா?"

"ஆத்தாதான்டா அண்ணன். பேசாம கெட."

சுற்றி வந்து எதிரியைச் சுட்டேன். வென்றோம்.

மதியத்தில் கண்ணுக்கு ஓய்வு தருவதாகச் சொல்லி, பிள்ளைகளே, உங்கள் அழைப்புகளை இத்தனை காலம் எடுக்காதிருந்தேன் அல்லவா? என் கண்கள் ஒரு நாளும் ஓய்வெடுத்ததில்லை.

கோபப்படுவோர் நம் குடும்பக் குழுவில் இதற்குக் கீழே எழுதலாம். மதியத்தில் மட்டும் பதில் வராது.